தொண்ணூற்றெட்டு

புற்றுநோய்க் கதிர்வீச்சு அறையின் கனத்த கதவு மூடியிருக்கிறது. மேலே சிவப்பு விளக்கு எரிகிறது. உள்ளே அம்மா தனியாகப் படுத்திருக்கிறாள். வெளியே, ஒன்றுவிட்டு ஒன்றில் பெருக்கல் குறி ஒட்டிய நாற்காலி வரிசையில் உட்கார்ந்து, பதினைந்து வயது மகள் பைக்குள் கிடக்கும் காலி மாத்திரை அட்டையை நெருடிக்கொண்டிருக்கிறாள். காலையில் அம்மாவின் உடம்பு அனலாய்க் கொதித்தது. இந்தத் தொற்றுக் காலத்தில் காய்ச்சல் என்றால் வாசலோடு அனுப்பிவிடுவார்கள், வைத்தியம் பாதியில் நின்றுவிடும் என்று பயந்து இவள்தான் மாத்திரை கொடுத்தாள். வாசலில் நெற்றிக்கு நேரே நீட்டிய கருவி தொண்ணூற்றெட்டு காட்டியது. "காய்ச்சல் இருந்துச்சா?" என்ற காவலாளியிடம் "இல்லவே இல்லண்ணா" என்றதும் இவள்தான். எதிரே, தன் அப்பாவின் மடியில் தொப்பி போட்ட ஐந்து வயதுப் பையன். "அக்கா, உங்கம்மாவுக்கும் மொட்டையா?" "ஆமாடா." "அப்ப நாங்க ரெண்டு பேரும் ஒரே கட்சி." அவன் சிரிக்கிற சிரிப்பில் முகக்கவசம் மூக்கை விட்டு நழுவுகிறது. கிருமிநாசினியும் துணியுமாக நிற்கும் ஊழியர் அந்த அப்பாவிடம் சொல்கிறார்: "நேத்து ஒருத்தர் காய்ச்சல்னு சொன்னாரு. அதுக்காகத் துரத்திடுவோமா? கடைசி ஆளா உள்ள எடுத்தோம், அப்புறம் ரூமையே கழுவிட்டோம். சொல்லாம மறைச்சாதாங்க வம்பு." பைக்குள் அட்டையை நெருடிய இவள் விரல்கள் நின்றுவிடுகின்றன. சிவப்பு விளக்கு அணைகிறது. கதவு விலக, அம்மாவின் இருமல்தான் முதலில் வெளியே வருகிறது. "அடுத்து நம்ம சின்ன சார்தானே?" என்கிறார் ஊழியர். பையன் மடியிலிருந்து குதித்து ஓடுகிறான். இவள் குறுக்கே போய் நிற்கிறாள். "அண்ணா, தம்பிய உள்ள விடாதீங்க." காலி மாத்திரை அட்டையை எடுத்து ஊழியரிடம் நீட்டுகிறாள். பையன் அண்ணாந்து பார்க்கிறான். "ஏன்க்கா? நாங்க ஒரே கட்சிதானே?"