நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி

மூன்றாவது பாறையில் ஜீப் நின்றுவிட்டது.

நிற்கவில்லை, தன்னைத் தயார் செய்துகொள்கிறது என்றார் எல்லை விசாரணைத் தனி அதிகாரி சத்தியநாதன்.

முன் சக்கரங்கள் வானத்தைப் பார்த்தன. பின் சக்கரங்கள் கீழே நகரி ஊர்ப் பக்கமாகச் சரளைக்கல்லை வாரி இறைத்தன. அதிகாரி மட்டும் தொப்பி கோணாமல் உட்கார்ந்திருந்தார்.

அடிவாரத்திலேயே அவர் அறிவித்துவிட்டுத்தான் ஏறினார். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி. யுத்தத்தில் பர்மா மலையெல்லாம் ஏறிய இனம். இதற்குப் பாதை எதற்கு?

மலைமேலிருக்கும் மேட்டுக்கொல்லைக்காரர்கள் கேட்டது அந்தப் பாதையைத்தான். இருபத்திரண்டு வீடு. முதலில் சென்னையைக் கேட்டார்கள். ஆந்திரா பிரிந்ததும் கர்நூலைக் கேட்டார்கள். எல்லைத் தகராறு தீரட்டும் என்று இரண்டு பக்கமும் ஒரே குரலில் சொன்னார்கள்.

போன வருஷம் அந்த ஊர்ச் செங்கம்மாவின் மருமகளைப் பிரசவத்துக்குக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு இறங்கியபோது, பிள்ளை பாதிவழிப் பாறையிலேயே பிறந்துவிட்டது. கல்லப்பன் என்று பெயர் வைத்தார்கள். இப்போது செங்கம்மாவின் மகள் யசோதாவுக்கு ஏழாம் மாதம்.

ஜீப் மேலே போய்விட்டால் பாதை தேவையில்லை என்று எழுதிவிடுவார். அதையும் அடிவாரத்திலேயே அறிவித்திருந்தார்.

டிரைவர் முனியப்பன் சின்ன கியரைப் போட்டான். அடியில் எதுவோ பாறையில் இடித்தது. கறுப்பாக எண்ணெய் ஒழுகியது. எஞ்சின் இரண்டு முறை இருமி அடங்கியது.

"எறங்கி நடந்துடலாம் சார். ரெண்டு பர்லாங்குதான்."

அரசாங்கம் நடந்து போய் அவர் பார்த்ததில்லை.

அப்போது, யாரும் கூப்பிடாமலே, செங்கம்மாவின் புருஷன் எத்திராஜ் நாலு ஜோடி மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்தான். தோளில், கிணற்றில் மாடு கட்டிக் கவலை இறைக்கிற வடம்.

"நீங்க குந்திக்கினே இருங்க எசமான். தானா போறா மாதிரியே போவும்."

"எஞ்சின்தான் இழுக்கும். மாடு சும்மா ஒத்தாசைக்கு."

"அப்டியே எழுதிக்குங்க," என்றாள் பின்னாலிருந்து செங்கம்மா.

முனியப்பனுக்கே மனசு கேட்கவில்லை. அவள் பக்கம் குனிந்து, "ஏறிச்சின்னா ஒங்களுக்கு ரோடு கெடையாதும்மா, தெரியுமில்ல?" என்றான்.

அவள் முந்தானையை இடுப்பில் செருகினாள். "பேசிக்கினு நிக்காத, தள்ளு."

எட்டு மாடுகள் இழுக்க, இருபத்திரண்டு வீடும் தள்ள, ஜீப் ஏறியது. ஊருக்குள் நுழையும்போது ஹார்ன் அடிக்கச் சொன்னார் சத்தியநாதன்.

கேழ்வரகுக் களத்தில் மோர் குடித்தார். இறங்காமலே எழுதினார்: 'ஜீப் செல்லத் தடையேதுமில்லை. பாதை அவசியமில்லை.' கையெழுத்தும் போட்டார்.

எத்திராஜ் மாடுகளை அவிழ்த்துவிட்டு வடத்தைச் சுருட்டினான்.

"ஏம்பா, கீழே போகணுமே. கட்டு மாட்டை."

"ஏத்தறதுக்குத்தான் மாடு எசமான். எறக்கனா வண்டி மாட்டு மேல ஏறிடும்."

"பிரேக் இருக்கிறதே?"

முனியப்பன் சரிவைப் பார்த்தான். ஜீப்பிலிருந்து இறங்கினான். தனக்குப் பெண்டாட்டி பிள்ளைகள் உண்டு என்றான்.

எல்லைத் தகராறு எப்போது தீருமோ, யாருக்கும் தெரியாது. ஆனால் களத்தில் நிற்கிற ஜீப் எந்த அரசாங்கத்துடையது என்பதில் தகராறே இல்லை. அதை மலைமேல் விட்டுவிட்டு வந்த அதிகாரியின் பெயரும் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

சத்தியநாதன் கையிலிருந்த தாளை வெகுநேரம் பார்த்தார். பிறகு நான்காக மடித்தார். பிறகு கிழித்தார்.

"ஜீப்பு எறங்க எத்தினி அடி அகலம் வேணும்னு நீங்களே போட்டுக்குங்க எசமான்," என்றான் எத்திராஜ் பணிவாக.

செங்கம்மா வீட்டுக்குள் போய் ஒரு வெள்ளைத்தாளும் புது மைப்புட்டியும் கொண்டுவந்து வைத்தாள். முந்தாநாளே நகரிச் சந்தையில் வாங்கியது.