அளவு ஜாக்கெட்

நித்யஸ்ரீ தட்டிலிருந்த மூணாவது இட்லியை அவள் அம்மா சாந்தாமணி லபக்கென்று எடுத்து ஹாட்பாக்ஸில் போட்டு மூடினாள்.

“ரெண்டு போதும் கண்ணு. கல்யாணத்துக்கு இன்னும் ஒரு மாசந்தான் இருக்குது.”

“பசிக்குதும்மா. மத்தியானத்துக்கும் வெறும் வெள்ளரிக்காதானே குடுத்தனுப்பறே?”

“பசிச்சா தண்ணி குடி.”

பேப்பருக்குள் தலையை விட்டிருந்த அப்பா ஈஸ்வரமூர்த்தி நிமிர்ந்தார். “ஏனு, புள்ள தின்னுட்டுப் போகட்டும் உடு. கம்பெனில எடுத்த டெஸ்ட்டுல சுகரில்ல, பிரஷரில்ல, எல்லாம் நார்மல்னுதானே வந்துச்சு?”

“நீங்க பேசாம இருங்க. ஊருக்குப் பதில் சொல்றது நானு.”

அதுவும் வாஸ்தவந்தான். துடியலூரில் அவர்கள் வீதி முழுக்க நித்யாவைச் சின்ன வயசிலிருந்தே ‘குண்டம்மணி’ என்றுதான் கூப்பிடும். எல்லாம் பாசத்தில்தானாம்! நிச்சயத்தன்று சொந்தக்காரி ஒருத்தி சாந்தாமணியின் காதோரம் வந்து, “மேடையில மாப்பிள்ளை தெரிவாருங்களா?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். மாப்பிள்ளையின் அம்மா பழனியாத்தாள் இருக்கிறாரே, தாராபுரத்திலிருந்து வந்த அந்த ஒல்லி அம்மா சிரிக்கவும் இல்லை, பேசவும் இல்லை. பெண்ணை ஏற இறங்கப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். பெண்ணைப் பிடிக்கவில்லை என்றே சாந்தாமணி முடிவுகட்டிவிட்டாள்.

“அவரு ஒண்ணுமே சொல்லலையேம்மா” என்பாள் நித்யா, மாப்பிள்ளையை நினைத்து.

“ஆம்பளைங்க மொதல்ல ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. அப்பறம் அவங்கம்மா சொல்றதத்தான் சொல்லுவாங்க.”

இட்லியைப் பிடுங்கிய அன்றைக்கே பழனியாத்தாள் போன் செய்தார். “முகூர்த்தப் பட்டு எடுத்தாச்சுங்க. ஜாக்கெட்டையும் நாங்களே தைச்சுக் கொண்டாந்துர்றோம். டெய்லருக்குக் காட்டப் பொண்ணோட அளவு ஜாக்கெட் ஒண்ணு குடுத்தனுப்புங்க.”

சாந்தாமணி பீரோவைக் குடைந்தாள். நித்யா இப்போது போடுகிற ஜாக்கெட்டை விரித்துப் பார்த்தாள். இதையா அனுப்புவது? அந்த அம்மா பார்த்துவிட்டு முகத்தைச் சுளிக்கவா? கடைசியில், நித்யா காலேஜ் சேர்ந்த புதிதில் தைத்த ஒன்றைத் தேடியெடுத்து, இஸ்திரி போட்டு அனுப்பிவைத்தாள்.

“ஏம்மா, அது எனக்குக் கையே நுழையாதே!”

“நுழையும். நுழையற மாதிரி ஆயிரு.”

ஆகணுமே! அதற்கு ஒரு பொடி வந்து சேர்ந்தது. பக்கத்து வீதியில் ஒரு பெண்மணி விற்றாள். டப்பா மேல் பேர்கூட இல்லை. காலையில் ஒரு ஸ்பூன், ராத்திரி ஒரு ஸ்பூன், நடுவில் வெள்ளரிக்காய்.

பொடி வேலை செய்தது. கன்னம் ஒட்டியது, கழுத்தெலும்பு தெரிந்தது. உடனே வீதியைப் பார்க்க வேண்டுமே!

“அடேயப்பா, ஆளே மாறிட்டியே அம்மணி!”

“இப்பத்தான் கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கறே!”

அந்தப் பிள்ளையை வெளியாள் ஒருத்தர் அழகு என்று சொன்னது அதுதான் முதல் தடவை. பைத்தியக்காரி, அதைக் கேட்டுப்போட்டு அவளே ஒரு ஸ்பூனை ரெண்டாக்கிக்கொண்டாள்.

“அம்மா, காலெல்லாம் வீங்குதும்மா. ஒண்ணுக்கும் சரியாப் போகல. வாந்தி வர்ற மாதிரியே இருக்குது.”

“கொழுப்பு கரையறப்ப அப்படித்தான் இருக்கும்னு அந்தக்கா சொன்னாங்க. இன்னுங் கொஞ்ச நாள்தானே, பல்லக் கடிச்சுக்க கண்ணு.”

கடித்துக்கொண்டாள். அந்த வாரமே ஒரு நாள் காலையில் பாத்ரூமில் நினைவில்லாமல் கிடந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அந்த டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “ரெண்டு கிட்னியும் வேலை செய்யலைங்க. டயாலிசிஸ் ஆரம்பிச்சிருக்கோம். காலு இவ்வளவு வீங்கற வரைக்கும் எங்கம்மா போயிருந்தீங்க?”

எங்கே போயிருந்தாள்? பக்கத்திலேயேதான் இருந்தாள், ஸ்பூனும் கையுமாக. ஐ.சி.யூ. வாசலில் தரையில் உட்கார்ந்து தலையில் தலையில் அடித்துக்கொண்டாள். யார் தேற்றி என்ன, பெற்ற மகளைத் தன் கையாலேயே அழித்துவிட்டோம் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

சாயங்காலம் பழனியாத்தாள் வந்தார். கையில் ஒரு துணிப்பை. கல்யாணத்தை நிறுத்தத்தான் வருகிறார் என்று நினைத்துச் சாந்தாமணி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

“உக்காருங்க சம்மந்தி, உக்காருங்க.” பழனியாத்தாளும் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். “ஜாக்கெட்டக் குடுத்துட்டுப் போலாம்னு உங்க ஊட்டுக்குப் போனனுங்க. பூட்டிக் கெடந்துது, பக்கத்துல சொன்னாங்க. இப்பக் கண்ணாடி வழியாப் பாத்தேன். ஏனுங்க இப்படி எளைச்சுக் கெடக்கறா? என்னாச்சுங்க?”

“காச்சலுங்க.” சாந்தாமணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

“கல்யாணம் கெடக்குது, தள்ளி வெச்சுக்கலாம். எம் பையன் கீழ நின்னு அழுதுட்டிருக்கறானுங்க. அவ நல்லா வந்தாப் போதும்.”

சாந்தாமணி அந்தப் பையைப் பார்த்து உளறினாள். “ஜாக்கெட்டு... இப்ப அவளுக்குச் சரியா இருக்குமுங்க.”

“அதெப்படிங்க இருக்கும்?” பழனியாத்தாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “நீங்க குடுத்தனுப்புனது பழசுன்னு பிரிச்சதுமே தெரிஞ்சுபோச்சு. நிச்சயத்தன்னிக்குக் கண்ண எடுக்க முடியலைங்க எனக்கு, அத்தன லட்சணமா உக்காந்திருந்தா. அவ ஒடம்பு எனக்குத் தெரியாதுங்களா? டெய்லருகிட்ட நாலு இஞ்ச் சேத்தித்தான் தைக்கச் சொன்னேன். ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயி வயிறாரச் சோறு போடுங்க சம்மந்தி, இது அவளுக்கு அப்படியே பொருந்தீரும்.”