வள்ளத்தில் இடம்

பேர்ளின் கையில் சுடுதண்ணிப் போத்தலைக் கொடுத்துவிட்டு இரண்டு ஆண்களும் வள்ளத்தில் ஏறிக்கொண்டார்கள்.

மூன்றாவது இருக்கை காலியாகத்தான் இருந்தது. அதில் ஐஸ் பெட்டியை வைத்தார்கள்.

"பொம்பிளை ஏறினால் வள்ளத்துக்கு மீன் படாது, பேர்ள். நீர் கரையில நிண்டு வீசும்," என்றார் அவளுடைய கணவனின் தமையன் ஏசுதாசன்.

மன்னாரில் சொன்னதை மன்னாரிலேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம். மனுஷன் அதையும் பெட்டியில் கட்டிக்கொண்டு சிட்னிக்கு வந்திருக்கிறார். கட்டின புருஷன் வின்சன்டோ எஞ்சினைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டான். பேர்ளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பாறையில் ஏறி நின்று, இரைக்குப் பதில் இறகு கட்டி வீசும் ஃபிளை தூண்டிலைச் சுழற்றினாள். சேவல் இறகை முள்ளில் கட்டிச் சின்ன மீன்போல ஆக்கியது அவள். லிட்கமில் தங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில், நாயோடு நடக்கிறவர்கள் நின்று சிரிக்க, வெறும் புல்லில் வீசிப் பழகியதும் அவள்தான். வள்ளத்தில் போன இருவருக்கும் அந்தத் தூண்டிலைப் பிடிக்கவே தெரியாது.

தூரத்தில் கடற்பறவைகள் விழுந்து விழுந்து எழும்பின. டெய்லர் மீன் கூட்டம்! அவை துள்ளிய துள்ளலில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.

தோள் கழன்றுவிடும்போல வீசினாள். எட்டவில்லை. இன்னும் வீசினாள். எதிர்க்காற்று இறகைக் காலடியிலேயே கொண்டுவந்து போட்டது.

கரையில் நிற்பவள் மீன் வரும்வரை காத்திருக்க வேண்டும். வள்ளத்தில் இருப்பவன் மீனிடம் போகலாம். ஒரேயொரு தடவை அப்படிப் போக வேண்டும் என்பதுதான் அவளுடைய ஆசை.

போனவர்கள் என்ன செய்தார்கள்? கூட்டத்துக்கு நடுவாலேயே முழு வேகத்தில் வள்ளத்தை விட்டார்கள். பறவைகள் கலைந்தன. மீன் ஆழத்துக்குப் போய்விட்டது.

அறுவான்கள் என்று பேர்ள் வாய்விட்டே திட்டினாள்.

அந்த வேகத்தை ரோந்துப் படகும் பார்த்துவிட்டது. மறித்து, வள்ளத்தை இறங்குதுறைக்கே திரும்பக் கொண்டுவந்தார்கள்.

பேர்ள் அங்கே போய்ச் சேர்ந்தபோது அதிகாரி வள்ளம் ஓட்டும் லைசென்ஸைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஏசுதாசன் வியர்க்க வியர்க்கத் தன் ஆங்கிலத்தில் விளங்கப்படுத்திக்கொண்டிருந்தார். லைசென்ஸ் இருக்கிறதாம். வீட்டுக்கு ஒன்று இருந்தால் போதும் என்று நினைத்தாராம்.

ஓட்டுகிறவரிடம்தான் இருக்க வேண்டும் என்று சொல்லி அதிகாரி அபராதத்தை எழுதினார். இனி இந்த வள்ளம் இங்கிருந்து அசைவதென்றால் லைசென்ஸ் உள்ளவர் வர வேண்டும் என்றார்.

வின்சன்ட் அப்போதுதான் நிமிர்ந்து மனைவியின் முகத்தைப் பார்த்தான்.

போன வருடம் மூன்று பேரும் ஒன்றாகத்தான் லைசென்ஸ் சோதனை எழுதினார்கள். பாஸானது ஒருத்தி.

பேர்ள் கைப்பையிலிருந்து அட்டையை எடுத்து அதிகாரியிடம் காட்டினாள். வள்ளத்தில் ஏறிச் சுக்கானைப் பிடித்தாள்.

"ரெண்டு பேரும் இறங்குங்கோ."