ஜான்சியை வழியனுப்ப ரெண்டு வேன்

"ஏர்போர்ட் வாசல்ல நான் மயக்கம் போட்டு விழப்போறேன். பார்த்துக்கிட்டே இரு ஜஹானாரா, என் பொண்ணு பிளேன் ஏறவே மாட்டா!"

பேபி இதைப் பக்கத்து வீட்டு ஜஹானாராவின் காதில்தான் சொன்னாள். ஆனால் பேபியின் ரகசியம் எப்போதும் நாலு சீட் தள்ளியும் கேட்கும். வேனே குலுங்கிச் சிரித்தது.

கிழக்குத் தாம்பரத்திலிருந்து ரெண்டு வேன் கிளம்பியிருந்தது. மாலத்தீவுக்கு டீச்சர் வேலைக்குப் போவது ஜான்சி ஒருத்தி. வழியனுப்பப் போவதோ தெருவில் பாதி! முதல் வேனில் பேபி. பெட்டிகளோடு பின்னால் வந்த வேனில் அவள் கணவர் ஏசுபாதம். ஜான்சியும் அதில்தான் இருப்பாள், அப்பா செல்லம் வேறு எங்கே ஏறும் என்று பேபிக்கு ஒரு பொருமல்.

"மயக்கமெல்லாம் வேணாம்க்கா," என்றாள் ஜஹானாரா. "என் மெஹ்னாஸும் அங்க போன புதுசுல போன்ல ஒரே அழுகை. ஃபேன் காத்துலகூட உப்பு வாடைன்னா. கத்தரிக்காயைக் கண்ணாலயே பார்க்க முடியலன்னா. இப்ப லீவு விட்டாக்கூட ஊருக்கு வர மாட்டேங்குறா. பசங்க மிஸ், மிஸ்னு உயிரை விடுதுங்களாம்."

"உன் பொண்ணு கெட்டிக்காரி. எம்பொண்ணு தனியா பல்லாவரம்கூடப் போனதில்ல! அந்தத் தீவு எத்தினியூண்டு தெரியுமா? இந்தக் கோடியில காபி குடிச்சுட்டு நடந்தா, அந்தக் கோடி போறவரைக்கும் வாய்ச்சூடு ஆறாதாம். அங்க தனியா சமைச்சு, போட்ல ஏறி, பாஷை தெரியாத புள்ளைங்களுக்குப் பாடம் எடுத்து... எப்படிடி செட்டில் ஆவா? ஒரு மாசமா எனக்குச் சோறே எறங்கல."

சோறு இறங்கவில்லை என்பது கொஞ்சம் ஓவர். மற்றபடி அவள் செய்யாத ஆர்ப்பாட்டமில்லை. இட்லிப் பொடி அரைக்கும்போது அழுதாள். குக்கரைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு அழுதாள், எடை கூடுகிறது என்று அதை வெளியே எடுத்துவிட்டும் அழுதாள். வேலை கிடைத்த அன்று தெரு முழுக்க லட்டு கொடுத்தவளும் இவளேதான்! ஜான்சி ஒவ்வொரு தடவையும் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

குரோம்பேட்டையில் வேன் நின்றது. ஜி.எஸ்.டி. ரோடு முழுக்க வண்டி. நிற்கிற நேரத்தில் மகளை இன்னும் கொஞ்சம் கரைத்துவைக்கலாம் என்று பேபி செல்போனை எடுத்துக் கணவருக்கு அடித்தாள்.

"ஏங்க, ஜான்சிகிட்ட குடுங்க."

"ஜான்சியா? அவ உன் வேன்லதானே வர்றா?"

"என் வேன்ல எங்க வர்றா!"

ரெண்டு வேனிலும் எல்லாரும் ஒரே நேரத்தில் கத்த ஆரம்பித்தார்கள். பெண்ணை விட்டுவிட்டுப் பெண்ணை வழியனுப்பப் புறப்பட்டிருக்கிறது கூட்டம்! பேபி மகளின் நம்பரை அழுத்தினாள்.

"அம்மா... நான் மாடியில இருந்தேன். எறங்கி வர்றதுக்குள்ள ரெண்டு வேனும் போயிடுச்சு," என்றாள் ஜான்சி. "இனிமே எங்கம்மா பிடிக்கிறது? விட்டுடலாம்."

ஜஹானாரா பேபியின் தொடையைக் கிள்ளினாள். "அக்கா! நீங்க ஆசைப்பட்டது தானா நடந்துடுச்சு!"

அந்த நொடியில் பேபிக்குள் என்ன புகுந்ததோ!

"விட்டுடறதா? பல்லு பேந்துடும்! ராத்திரி பகலா படிச்சு வாங்கின வேலைடி! பாஸ்போர்ட், டிக்கெட்டெல்லாம் கையில இருக்கா? அப்ப ஓடு! ஸ்டேஷனுக்கு ஓடிப்போய் டிரெயின் ஏறு. திரிசூலத்துல எறங்கினா எதிர்லதான் ஏர்போர்ட்!"

"தனியாவாம்மா?"

"பின்ன, பேண்டு வாத்தியத்தோடயா? வெளிநாட்டுல கிளாஸ் எடுக்கப்போற டீச்சர்டி நீ! நாலு ஸ்டேஷன் வரத் தெரியாதா? ஓடுடி என் ராசாத்தி!"

போனை வைத்தவள் டிரைவர் குப்பன்மேல் பாய்ந்தாள். "வண்டியை எடுப்பா! பிளேன் போயிடும்!"

"இன்னாம்மா பேஜாரா கீது! முன்னால பஸ் நிக்கிதே, அது மேல ஏத்திகினு போவ சொல்றியா?"

"ஏத்து!" என்றாள் பேபி. பிளேன் கிளம்பவே கூடாது என்று ஒரு மாதமாக மாதாவிடம் கேட்டுக்கொண்டிருந்தவள், "மாதாவே, எம்பொண்ணு ஏறுறவரைக்கும் பிளேனைப் பிடிச்சு வைம்மா!" என்று வேண்டுதலையே திருப்பிப் போட்டாள்.

விமான நிலைய வாசலில் ரெண்டு வேனும் கூட்டத்தைக் கொட்டியபோது, ஜான்சி வேர்த்து விறுவிறுத்துத் தூணோரம் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். பேபி ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். மயக்கம் போடுவது சுத்தமாக மறந்துவிட்டது.

"பார்த்தியா ஜஹானாரா! எங்களுக்கு முன்னாடி வந்து நிக்கிறா! எம்பொண்ணு எந்தத் தீவுல கொண்டுபோய் விட்டாலும் பொழைச்சுக்குவா!"

செக்யூரிட்டிக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தம். பேபிக்கு அவ்வளவு பெருமை, அவ்வளவு சந்தோஷம். பெட்டிகள் தள்ளுவண்டியில் ஏறின. தெருவே வரிசையில் நின்று ஜான்சிக்கு முத்தம் கொடுத்து முடித்தது. உள்ளே போகுமுன் அவள் அம்மாவின் காதருகே குனிந்தாள்.

"அம்மா, நீ அழுததைப் பார்த்து, நான் போகவே வேணாம்னு நேத்தே முடிவு பண்ணிட்டேன். அதான் ரெண்டு வேனும் கிளம்புறவரைக்கும் தண்ணி டேங்குக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டிருந்தேன்," என்றவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "போன்ல நீ 'சரி விடு, வீட்லயே இரு'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும்மா, நான் டிரெயினே ஏறியிருக்க மாட்டேன்!"