நின்று எரிந்த நெருப்பு

வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் கைப்பையை எறிந்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அணு இணைவு ஆய்வகத்தில், மெஷினுக்குள் எரியும் நெருப்பைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் அவள் பொறுப்பு.

கணவன் தண்ணீரை நீட்டினான். "இன்னிக்கும் நெருப்பு நின்னு எரியலையா? விடு, என்ன புதுசா?"

"நின்னுச்சு."

"நிஜமாவா? கண் இமைக்கறதுக்குள்ள அணைஞ்சிடுமே!"

"இன்னிக்கு முழுசா ஒரு நிமிஷம். சொன்ன பேச்சைக் கேட்டுச்சு."

"அப்புறம் ஏன் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கே?"

"காலையில ஏதோ சோதனைக்காக டேட்டா பதிவை நிறுத்தியிருந்தோம். திரும்பப் போட மறந்தே போச்சு. நெருப்பு நின்னதுக்கு ஒரு வரிகூடப் பதிவில்லை."

"பதிவைப் போட்டுட்டு மறுபடி ஓட்ட வேண்டியதுதானே?"

"ஓட்டினோம். உடனே அணைஞ்சிடுச்சு. பதிவை நிறுத்தினா மறுபடி நிக்குது. ரெண்டு வேலையையும் ஒரே கம்ப்யூட்டர் தலையில கட்டியிருக்கோம். அது எழுதி வெச்சுட்டு நிமிர்றதுக்குள்ள நெருப்பு கைவிட்டுப் போயிடுது. இத்தனை மாசமா இதுதான் கோளாறு."

"அப்போ பதிவுக்குத் தனியா ஒரு கம்ப்யூட்டர் கேளு!"

"கேட்டேன்." கண்களை மூடிக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். "டைரக்டர் உடனே தர்றேன்னுட்டார். நெருப்பு நின்ன பதிவை மட்டும் கொண்டுவந்து காட்டணுமாம்."