மெஷினுக்கு ஒரு மாட்டல்

வெளியே கிளம்பும்போதெல்லாம் பூவிழி ஜிமிக்கியைப் போட்டுக்கொண்டு, காது மெஷினைக் கழற்றி டப்பாவில் வைத்துவிடுவாள்.

"உன்னைப் பார்த்தால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்?" என்று சிரித்தது ஜிமிக்கி.

"மூக்குக்கண்ணாடியை யாராவது ஒளித்து வைக்கிறார்களா? கண்ணுக்கு ஒரு நியாயம், காதுக்கு ஒரு நியாயமா?" என்று மெஷின் பொரிந்து தள்ளியது. "நான் இங்கே கிடந்தால், அவளை யார் கூப்பிட்டாலும் கேட்காதே!"

"அது உன் கவலை. நான் அழகுக்கு."

மெஷினைப் போட்டாலும் அதை மறைக்கிற மாதிரி பெரிய ஜிமிக்கி வேண்டும் என்று, மணி கோத்து நகை செய்யும் தோழி ஆதிரையிடம் பூவிழி கேட்டாள். ஆதிரையோ கண்ணாடி மணிகளில் ஒரு மாட்டல் செய்தாள். அது ஜிமிக்கியில் தொடங்கி, மெஷினைச் சுற்றிப் போய், கூந்தலில் செருகிக்கொண்டது.

"முடியைத் தூக்கிக் கட்டுடி. இல்லையென்றால் என் மாட்டல் யாருக்குத் தெரியும்? மெஷின் போடுகிற பிள்ளைகள் எல்லோருக்கும் செய்யப்போகிறேன். முதல் ஆள் நீதான்."

"போயும் போயும் இதோடு என்னைக் கட்டிவிட்டாளே!" என்று ஜிமிக்கி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது.

தெருவில் பின்னாலிருந்து யாரோ, "பூவிழி!" என்று கூப்பிட்டார்கள். அவள் சட்டென்று திரும்பினாள். ஜிமிக்கி அவ்வளவு அழகாக அதுவரை ஆடியதே இல்லை.

"ஏய் மெஷின்," என்றது மெதுவாக, "இன்னொரு தடவை யாராவது கூப்பிடுகிறார்களா, கேளேன்."