எழுபத்தெட்டு கிலோ

மூன்று நாள் ஆற்றுப் படகுப் பயணத்துக்காக ஐந்து மாதங்களுக்கு முன் மங்கை தன் கைப்பட நிரப்பிய படிவத்தில் நான்கு பேர். வந்தது அவளும் இரண்டு பிள்ளைகளும்தான். கணவன் கதிரேசன் இடையில் வீட்டைவிட்டுப் போய்விட்டதை அவள் படகுக்காரரிடம் சொல்லவில்லை. "அவர் வரல" என்றாள். படகுக்காரரும் மேற்கொண்டு கேட்கவில்லை. படிவத்தில் கதிரேசனின் எடையைப் பார்த்தார். கரையில் கிடந்த கற்களை ஒரு சாக்கில் எழுபத்தெட்டு கிலோவுக்கு அள்ளிப்போட்டு, படகில் அவன் உட்கார வேண்டிய இடத்தில் வைத்துக் கட்டினார். "ஒரு பக்கம் லேசா இருந்தா ரப்பர் படகு சொன்ன பேச்சு கேக்காது மேடம்."

முதல் நாள் பிள்ளைகள் சாக்கைப் பார்த்துச் சிரித்தார்கள். இரண்டாம் நாள் மகள் அதற்கு லைஃப் ஜாக்கெட் மாட்டிவிட்டாள். மூன்றாம் நாள் பெரிய சுழிப்பில் படகு தூக்கிப்போட்டபோது, மங்கை துடுப்பை விட்டுவிட்டு இரண்டு கையாலும் அந்தச் சாக்கைத்தான் கட்டிக்கொண்டாள். அது அசையவில்லை.

கரை சேர்ந்ததும் படகுக்காரர் கற்களை ஆற்றோரமாகக் கொட்டிவிட்டுச் சாக்கை உதறினார். மங்கை தண்ணீர் புகாத பையிலிருந்து போனை எடுத்தாள். மூன்று நாளுக்குப் பிறகு சிக்னல் வந்தது. கதிரேசன் ஒரு வரி அனுப்பியிருந்தான்: "வீட்டுக்குத் திரும்பி வரட்டுமா?"

கொட்டிய கற்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அவள் பதில் எழுதினாள்: "இப்ப உங்க எடை எவ்வளவு?"